பழைய கார்புரேட்டர் பக்கியில் (பிக்அப் வண்டியில்) ஆக்சிஜன் சென்சர் பொருத்துவது எப்படி?

ஈயம் கலந்த பெட்ரோல் இந்தச் சென்சரைக் கெடுத்துவிடும். தென்னாப்பிரிக்காவில் அது 2006இல் நின்றுபோனதால், பழைய வண்டியிலும் தயங்காமல் பொருத்தலாம். சென்சர் கார்புரேட்டரைத் திருத்தாது. கலவையில் பெட்ரோல் கூடுதலா, காற்று கூடுதலா என்று காட்டும். ஜோகன்னஸ்பர்க் உயரத்துக்கு ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) போட்ட வண்டி கடலோர டர்பனுக்கு இறங்கினால், அடர்ந்த காற்றில் கலவை மெலியும், அதாவது காற்று கூடுதலாகும். அது மீட்டரில் உடனே தெரியும்.

தேவையானவை: ஹீட்டர் உள்ள நான்கு வயர் சென்சர், 18 மி.மீ. மரை வெல்டிங் நட்டு, ரிலே, 10 ஆம்பியர் ஃபியூஸ், கிரிம்ப் கனெக்டர், டிஜிட்டல் மல்டிமீட்டர். பழைய முள் மீட்டர் வேண்டாம். அது சிக்னலையே இழுத்துவிடும்.

நான்கு சிலிண்டர் புகையும் ஒன்றுசேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே புகைக்குழாயில் துளையிடுங்கள். சென்சர் படுக்கையாக இருக்கக்கூடாது. வயர் வரும் வால் பக்கம் குறைந்தது 10 டிகிரி மேலே தூக்கி இருக்கட்டும். இல்லையென்றால் உள்ளே தேங்கும் நீர் சூடான செராமிக்கை வெடிக்க வைக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, நட்டில் பழைய போல்ட் ஒன்றை முறுக்கி, துளையின் மேல் வெல்ட் செய்தால் மரை கோணாது. ஆன்டி-சீஸ் பசை (மரை இறுகிப் பிடிக்காமல் காக்கும் பசை) மரையில் மட்டும், நுனியில் படக்கூடாது. 22 மி.மீ. ஸ்பேனரால் 40 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். அருகில் சிலிக்கான் சீலன்ட் பூசாதீர்கள். அதன் ஆவி சென்சரை நாசமாக்கும்.

வயரிங்கில்தான் பலர் தவறுகிறார்கள். பாஷ் வகையில் இரண்டு வெள்ளை வயர்கள் ஹீட்டர், சாம்பல் எர்த், கறுப்பு சிக்னல். கறுப்பை எர்த் என்று எண்ணி பாடியில் இணைத்தால் மீட்டர் பூஜ்யத்திலேயே நிற்கும். வேறு தயாரிப்பில் நிறம் மாறும். ஒரே நிறத்தில் இரண்டு இருந்தால் பெரும்பாலும் அவைதான் ஹீட்டர். ஓம் மீட்டரில் சில ஓம்கள் காட்டினால் உறுதி. ஒரு வெள்ளையை ஃபியூஸ், ரிலே வழியாக இக்னிஷனுக்கும், மற்றதைச் சேசிஸுக்கும் இணையுங்கள். சாம்பலை இன்ஜின் பிளாக்கில் முடுக்குங்கள். சென்சர் வயரைச் சால்டர் செய்யவோ, கனெக்டரில் கிரீஸ் அடைக்கவோ வேண்டாம். வயர் இழைகளுக்கு இடையே வரும் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் அது அளக்கிறது.

மீட்டரின் சிவப்பைக் கறுப்பு வயரிலும், கறுப்பைச் சாம்பலிலும் வைத்து, இன்ஜின் நன்றாகச் சூடானபின் பாருங்கள். 0.45 வோல்ட்டுக்கு மேல் என்றால் பெட்ரோல் கூடுதல், கீழே என்றால் காற்று கூடுதல். மேட்டில் முழு ஆக்சிலரேட்டரில் 0.8 முதல் 0.9 இருக்க வேண்டும். அங்கே 0.2க்கு விழுந்தால் உடனே காலை எடுத்துவிடுங்கள், பிஸ்டன் கருகும். மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்குங்கள். ஆனால் பிளக் கரியாக இருந்தும் மீட்டர் 0.1 காட்டினால் ஜெட்டைத் தொடாதீர்கள். சென்சருக்கு முன்னால், இன்ஜினோடு புகைக்குழாய் சேரும் மேனிஃபோல்ட் கேஸ்கட்டில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.