மணி கோர்க்கும் முன் துளையைப் பாருங்க

சென்னிமலையில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள் நான். மாலை அறுந்தால் முதலில் நூலின் மேல்தான் சந்தேகம் வரும். ஒரு வளைகாப்பில் என் செம்மணி மாலை அறுந்து, பந்திப் பாய்க்கு அடியிலெல்லாம் மணி உருண்டது. நூலை அப்பாவிடம் காட்டினேன். நுனியைப் பெருவிரலால் நீவிப் பார்த்துவிட்டு, "இது இத்துப்போன நூல் இல்ல அம்மணி, ஏதோ அறுத்திருக்குது" என்றார்.

அறுத்தது மணியின் துளை. கல் மணியை இரண்டு பக்கமிருந்தும் துளையிடுவார்கள். நடுவில் சரியாகச் சேராவிட்டால் உள்ளே ஒரு மேடு நின்றுவிடும். அதனால் கடையில் நிறத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன் மணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்க. ஒரு துண்டு நூலை உள்ளே விட்டுப் பத்துத் தடவை இழுங்க. நூலில் பஞ்சு எழும்பினால் அந்த மணிக்கு நூல் ஆகாது.

வைரத்தூள் பூசிய ஊசி அரம் கிடைத்தால் துளையை வழுவழுப்பாக்கலாம். மணி தண்ணீருக்குள் இருக்க, கையால் மெல்லத் திருகணும். காய்ந்த கல்லைத் தேய்த்தால் தூள் மூச்சில் போகும், மணியும் விரிசல் விடும். சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் அகழாய்வு செய்தபோது, அரைகுறையாக நின்றுபோன மணிகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர் அதுதான் என்பார்கள். மின்சாரம் இல்லாத காலத்தில் இந்தக் கல்லில் துளை போட்டவர்களை நினைத்தால் என் மணிக்கட்டு வலி ஒன்றுமே இல்லை.

சரி, கோர்ப்போம். 16 அங்குல மாலைக்கு, கொக்கிக்கு இடம் விட்டு, 6 மில்லிமீட்டர் மணி 65 வரை பிடிக்கும். கல் மணிக்கு நான் எடுப்பது கியர் ஒயர், அதாவது மெல்லிய எஃகு இழைகளின் மேல் நைலான் பூசியது. 22 அங்குலம் வெட்டிக்கொள்ளுங்க; மிச்சம் பிடிக்கப் போனால் கடைசியில் குறடு நுழைய இடம் இருக்காது. ஒயரில் கிரிம்ப் மணியை, அதாவது நசுக்கினால் ஒயரைப் பிடித்துக்கொள்ளும் சின்ன உலோக மணியைக் கோர்த்து, கொக்கி வளையத்துக்குள் விட்டு, அதே கிரிம்ப் வழியே திருப்பி எடுத்து, தட்டைக் குறடால் நசுக்குங்க. மிச்ச வாலை முதல் நாலு மணிக்குள் ஒளித்துவிடலாம்.

மறுமுனையில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். விறைப்பாக இழுத்து நசுக்கினால் மாலை கம்பி மாதிரி நிற்கும், ஒயரும் மடியும். நசுக்கும் முன் மாலையைக் கழுத்தளவுக்கு வட்டமாக வளைத்து, மணிகளுக்கு நடுவே மொத்தம் 2 மில்லிமீட்டர் தளர்வு இருக்கிறதா என்று பாருங்க.

முத்துக்கு இந்த ஒயர் வேண்டாம், முத்து மென்மையானது. பட்டு நூலில் ஒவ்வொரு முத்துக்கும் நடுவே முடிச்சுப் போடுங்க. முடிச்சை இறுக்கும் முன் அதற்குள் ஊசியை நுழைத்து, முத்தின் வாய் வரை தள்ளிக்கொண்டுபோய் அப்புறம் உருவணும். அறுந்தாலும் ஒரு முத்துதான் போகும்.

கொக்கியை மாட்டும் சின்னக் கம்பி வளையம்தான் ஜம்ப் ரிங்; அதைத் திறக்கும்போது பக்கவாட்டில் அகட்டாதீங்க. இரண்டு குறடு பிடித்து, ஒரு முனையை முன்னும் மறுமுனையைப் பின்னுமாகத் திருகினால் வட்டம் கெடாது.

வளைகாப்பில் நாலு மணி கிடைக்கவே இல்லை. அந்த இடத்தில் பளிங்கு மணி கோர்த்திருக்கிறேன். "இது புது டிசைனா?" என்று கேட்கிறார்கள்.