சித்திரைக்குத் தீவனம் ஆடியிலயே ரெடியாகணும்

நம்ம ஈரோடு திருப்பூர் பக்கம் நாலஞ்சு கறவை மாடு வெச்சிருக்கறவங்க பங்குனி சித்திரையில படுற பாடு எல்லாருக்கும் தெரியும், அப்ப தட்டு (காஞ்ச சோளப்பயிர்) என்ன விலை சொன்னாலும் வாங்கித்தான் ஆகணும். அந்த நேரத்துல ஓடி ஒரு பிரயோசனமும் இல்லைங்க, ஆடியிலயே வேலைய ஆரம்பிக்கணும்.

மொதல்ல கணக்கு. ஒரு கலப்பின மாட்டுக்கு நாளைக்கு 20-25 கிலோ பசுந்தீவனம், 5-6 கிலோ காஞ்ச தட்டு. மாசி தொட்டு வைகாசி முடிய 4 மாசம், அப்ப ஒரு மாட்டுக்கே 600-700 கிலோ தட்டு போர்ல (அடுக்கி வெச்ச குவியல்ல) இருக்கணும், உங்க மாட்டோட எண்ணிக்கையால பெருக்கிப் பாருங்க, பாத்தா பகீர்னு இருக்கும்.

ஆடி ஆவணியில ஈரம் கிடைச்சதும் மானாவாரிக் காட்டுல சோளம் விதைச்சுடுங்க, ஊடால தட்டப்பயறும் போடலாம். தண்ணி இருக்கற இடத்துல கம்பு நேப்பியர் புல்லு, கோ 4 இல்லனா கோ 5 ரகம், கரணை (தண்டுத் துண்டு) நடுங்க, 75-80 நாள்ல மொத அறுப்பு, அப்புறம் 45 நாளைக்கு ஒருக்கா. வெறும் புல்ல மட்டும் போடாதீங்க, ஓரத்துல வேலிமசால்ங்கற பயறு வகைத் தீவனம் கொஞ்சம் இருந்தா புரதத்துக்கு ஆச்சு, புண்ணாக்கு செலவும் கொறையும்.

சோளத்துல ஒரு விஷயம் ரொம்ப கவனம். பூ எடுக்காத இளம் பயிர், வெயில்ல வாடி நின்ன பயிர், அறுத்த தாள்ல மழைக்கு அப்புறம் வர்ற துளிர், இதுல எல்லாம் சயனைடு விஷம் இருக்கும். எங்க கிடாரி ஒண்ணு அந்தத் துளிரை மேஞ்ச கொஞ்ச நேரத்துல மூச்சு வாங்கி கீழ விழுந்துடுச்சு, டாக்டர் வர்றதுக்குள்ள போயிடுச்சு, இன்னைக்கு நெனச்சாலும் மனசு ஆறல. பூ எடுத்ததுக்கு அப்புறம் அறுத்துப் போடுங்க, துளிர் நிக்கிற காட்டுல கயித்த அவுத்து விட்டுடாதீங்க.

ஐப்பசி கார்த்திகை மழையில புல் தளதளன்னு வரும், அதுல முக்காவாசிக்கு மேல தண்ணிதான். அதையே போட்டா சாணி கழியும், பால் சொசைட்டியில பாக்கற ஃபேட்டும் (கொழுப்பு) இறங்கும், அதனால காலைல அறுத்து சாயங்காலம் வரைக்கும் வாடவிட்டு, மொதல்ல கொஞ்சம் தட்டு போட்டுட்டு அப்புறம் புல்லு போடுங்க. கோமாரி ஊசி மழைக்கு முன்னாடியே போட்டுடணும், 6 மாசத்துக்கு ஒருக்கா விடாம. கட்டுத்தறியில சேறு நின்னா மடிநோய் வந்துரும்.

இந்த சீசன்ல மிஞ்சுறத வீணாக்காம சைலேஜ் (காத்துப் புகாம புளிக்க வெக்கிற பசுந்தீவனம்) போடுங்க, மக்காச்சோளம்தான் இதுக்கு பெஸ்ட். கதிர்ல மணிய நசுக்கினா பால் வந்து, கொஞ்சம் மாவு கட்டுற மாதிரி இருக்கற சமயத்துல அறுத்து, சாஃப் கட்டர்ல (தீவனம் வெட்டுற மிஷின்) பொடிசா வெட்டி, குழியிலயோ பையிலயோ காத்தே இல்லாம மிதிச்சு மிதிச்சு அடைக்கணும், மிதிக்கறதுலதான் எல்லாமே இருக்கு, காத்து நின்ன இடம் பூஞ்சை புடிச்சிடும். 45 நாள் கழிச்சுத் தொறந்தா லேசா புளிச்ச பழ வாசம் அடிக்கும். கருப்பா பூஞ்சையா இருக்கற பகுதிய ஒதுக்கிடுங்க, அத சினை மாட்டுக்கு கண்டிப்பா போடாதீங்க.

வைக்கோல் மட்டுந்தான் இருக்குன்னா 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவ 65 லிட்டர் தண்ணியில முழுசா கரைச்சு, அடுக்கடுக்கா தெளிச்சு, தார்ப்பாய் போட்டு 21 நாள் மூடி வைங்க. போடுறதுக்கு முன்னாடி காத்தாட விரிச்சு வெச்சு அந்த நெடி போகவிடணும். 6 மாசத்துக்குக் கீழ இருக்கற கன்னுக்கு இது ஆகாது, யூரியா தண்ணி வெச்ச வாளிய மாடு வாய் வைக்கற இடத்துல விட்டுட்டுப் போயிடாதீங்க, குடிச்சா உயிருக்கே ஆபத்து.

சித்திரை வெயில்ல தீவனத்த விடியக்காலையும் சாயங்காலமும் பிரிச்சுப் போடுங்க, மத்தியானம் மாடு சரியா திங்காது. தொட்டியில தண்ணி எப்பவும் இருக்கட்டும், நிழல்லயே இருக்கட்டும்.