தானாக நடக்கும் என்று நம்பி நான் செய்த தவறுகள்

"தம்பி, நான் மூணாம் தேதியே கட்டிட்டேன். உன் மிஷின் தினம் விடிஞ்சதும் என்னைக் கடன்காரன்னு சொல்லுது." லிஃப்ட் வாசலில் என்னை நிறுத்தி இப்படிச் சொன்ன பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல். எங்கள் அடுக்ககத்தில் மாதாமாதம் முதல் ஆளாகப் பணம் கட்டுகிறவர். அவருக்கு நான்கு நாளாகத் தொடர்ந்து 'இன்னும் கட்டவில்லை' என்று மெயில் போயிருக்கிறது. அனுப்பியது நான் எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் ஒரு சிறு நிரல்.

எங்களிடம் 42 வீடுகள். மெயின்டனன்ஸ் பணம் 10ஆம் தேதிக்குள் வர வேண்டும். அசோசியேஷன் பொருளாளராக நான் முன்பெல்லாம் பேங்க் ஸ்டேட்மென்டையும் நோட்டையும் பக்கத்தில் வைத்து டிக் அடித்து, விட்டுப்போனவர்களுக்கு ஒவ்வொருவராக மெசேஜ் போடுவேன். மாதம் இரண்டு மணி நேரம் போகும். அதை மிச்சம் பிடிக்க ஒரு கூகுள் ஃபார்ம், பின்னால் ஒரு ஷீட், ஷீட்டுக்குள் ஒரு ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (கூகுள் ஷீட்டோடு சேர்ந்து ஓடும் நிரல்). பணம் அனுப்பியவர் வீட்டு எண்ணையும் யுபிஐயின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் ஃபார்மில் போடுவார். ஸ்கிரிப்ட் தினமும் காலையில் ஓடி, கட்டாத வீடுகளுக்கு மட்டும் மெயில் அனுப்பும். இதை அமைக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. எத்தனை மாதத்தில் அது ஈடாகும் என்று கணக்குப் போட்டுச் சொன்னது என் மனைவி.

என்ன தப்பு நடந்தது? ஃபார்ம் பதில்கள் விழும் ஷீட்டிலேயே, பக்கத்து நெடுவரிசையில் 'கட்டியாச்சு' என்று காட்டும் ஃபார்முலாவை 500 வரிசைக்கு இழுத்து வைத்திருந்தேன். ஃபார்ம் வழியாக ஒரு பதில் வரும்போது ஷீட் அதைக் காலி வரிசையில் எழுதுவதில்லை. புதிதாக ஒரு வரிசையைச் செருகி அதில் எழுதுகிறது. நான் இழுத்து வைத்த ஃபார்முலா எல்லாம் ஒரு படி கீழே தள்ளப்பட்டு, புது வரிசையில் அந்தக் கட்டம் வெறுமையாக நிற்கும். ஸ்கிரிப்டுக்கு வெறுமை என்றால் கட்டவில்லை என்று அர்த்தம். ஆகவே கட்டியவர், கட்டாதவர் என்ற பேதமில்லாமல் எல்லாருக்கும் மெயில்.

ஃபார்முலா தெரியாதது பெரிய தவறில்லை, தேடினால் கிடைத்துவிடும். தலைப்பு வரிசையில், கீழுள்ள எல்லா வரிசைக்கும் தானே பரவும் அரே ஃபார்முலா ஒன்றே ஒன்று போட்டால் போதும். அல்லது ஃபார்முலாக்களை ஷீட்டின் வேறு டேபில் (தனிப் பக்கத்தில்) வைத்துக்கொண்டு, பதில்கள் விழும் டேபைத் தொடாமல் விடலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். பெரிய தவறு, நான் சோதித்த விதம். மூன்று ஞாயிறும் சோதித்தேன், ஆனால் ஷீட்டில் நானே கையால் டைப் செய்து சோதித்தேன். கையால் அடித்தால் வரிசை செருகப்படாது, எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். நிஜத்தில் தகவல் எந்த வழியாக வருமோ அந்த வழியாகவே, நிஜ ஃபோனிலிருந்து, இரண்டு மூன்று பேரை விட்டு நிரப்பச் சொல்லிப் பார்த்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். முதல் ஒரு மாதம் மெயில்கள் எல்லாம் என் முகவரிக்கே வரும்படி வைத்து, பழையபடி நோட்டிலும் டிக் அடித்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். பொறுமை இல்லை.

அடுத்தது தேதி. ஷீட்டின் லொகேல் (எந்த நாட்டு முறையில் தேதியைப் படிப்பது என்ற அமைப்பு) அமெரிக்கா என்று இருந்தால், பேங்க் ஸ்டேட்மென்டிலிருந்து ஒட்டும் 07/05 என்பது ஜூலை 5 ஆகிவிடும். 13/05 வந்தால் பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் அது தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாக நிற்கும். கண்ணால் பிடிக்க ஒரு வழி உண்டு: தேதியாகப் புரிந்துகொண்டவை கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்தாக எடுத்துக்கொண்டவை இடது ஓரத்தில். எங்கள் வீடுகளில் பெரும்பாலோர் 10ஆம் தேதிக்குள் கட்டுகிறவர்கள். அதாவது மாதமும் நாளும் இடம் மாறினாலும் செல்லுபடியாகும் அந்த முதல் 12 நாட்களில்தான் பெரும்பாலான பணம் வருகிறது. பிழைச் செய்தி ஒன்றும் வராது, மொத்தம் மட்டும் உதைக்கும். ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போய் லொகேலை இந்தியாவுக்கு மாற்றிவிட்டுப் பிறகு ஒட்டுங்கள். ஏற்கெனவே தப்பாக விழுந்தவை தாமாகத் திருந்தாது. ஸ்கிரிப்டுக்கு நேர மண்டலம் தனியாக ஒன்று இருக்கிறது, அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். 'காலை 8 மணி' என்று நீங்கள் ட்ரிகர் (ஸ்கிரிப்டைத் தானாக ஓட வைக்கும் அமைப்பு) வைத்தால், 8க்கும் 9க்கும் நடுவே எப்போது வேண்டுமானாலும் ஓடும். நினைவூட்டலுக்கு அது போதும், நிமிடக் கணக்கு வேலைக்கு ஆகாது.

எனக்குத் தெரிந்த டியூஷன் மாஸ்டர் ஒருவர் 130 பெற்றோருக்குத் தினசரி வருகைப்பதிவை இதே முறையில் மெயில் செய்துகொண்டிருந்தார். சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஸ்கிரிப்ட் வழியாக ஒரு நாளில் 100 பேருக்குத்தான் மெயில் போகும். நூறைத் தொட்டதும் ஸ்கிரிப்ட் பிழையோடு நின்றுவிடும். மறுநாள் மறுபடி பட்டியலின் தலையிலிருந்து தொடங்கும். விளைவு, அகர வரிசையில் கடைசியில் வரும் முப்பது பிள்ளைகளின் வீட்டுக்கு ஒரு நாள்கூட மெயில் போகவில்லை. யாழினியின் அம்மாவும் விக்னேஷின் அப்பாவும், மாஸ்டர் நிறுத்திவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டார்கள், கேட்கவில்லை. 'அனுப்பியாச்சு' என்று தேதியோடு எழுதும் ஒரு நெடுவரிசை வைத்திருந்தால், எங்கே நின்றது என்று தெரியும், விட்ட இடத்திலிருந்து தொடரவும் முடியும், தெரியாமல் இரண்டு முறை ஓட்டினாலும் ஒருவருக்கே இரண்டு மெயில் போகாது.

ஸ்கிரிப்ட் தோற்றால் அவருக்குத் தகவல் வந்திருக்குமே என்று கேட்பீர்கள். வந்தது. ட்ரிகர் தோல்வி பற்றி மெயில் வரும், வழக்கமாக நாளுக்கு ஒரு முறை. ஆனால் அவர் இன்பாக்ஸைச் சுத்தமாக வைத்துக்கொள்ள, தானியங்கி மெயில்களை எல்லாம் இன்பாக்ஸுக்கு வராமல் ஒரு லேபிளுக்குள் தள்ளும் ஃபில்டர் ஒன்றும் போட்டிருந்தார். ஒரு தானியங்கி கத்த, இன்னொரு தானியங்கி அதன் வாயைப் பொத்திவிட்டது. நான் இப்போது தோல்விச் செய்தியை நம்புவதில்லை. ஸ்கிரிப்ட் வேலை முடித்ததும் '42 பார்த்தேன், 7 அனுப்பினேன்' என்று ஒரே ஒரு வரி எனக்கு அனுப்புகிறது. காலையில் காபியோடு அதைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அது வராத நாள் கை தானாக லேப்டாப்பைத் தேடும்.

வாட்ஸ்அப்பில் செய்யலாமே என்று ஒவ்வொரு மீட்டிங்கிலும் ஒருவர் கேட்கிறார். பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் ஃபோனில் சேமித்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். மொத்தமாக அனுப்பித் தருகிறோம் என்று வரும் பிரௌசர் நீட்சிகள் வாட்ஸ்அப்பின் விதிகளுக்குப் புறம்பானவை, எண் முடக்கப்படலாம். சொந்த எண்ணை வைத்து அந்தச் சோதனை வேண்டாம்.

யாருடைய கணக்கில் இதெல்லாம் ஓடுகிறது என்பதும் தொடங்கும்போது யாருக்கும் தோன்றாத கேள்வி. ட்ரிகர் அதை உருவாக்கியவரின் கணக்கில்தான் ஓடும். ஷீட்டை இன்னொருவருக்குப் பகிர்ந்து எடிட் உரிமை கொடுத்தாலும் ட்ரிகர் கைமாறாது. பொருளாளர் வீட்டை விற்றுக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டால், அடுத்தவர் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஏன் மெயில் போகவில்லை என்று தலையைச் சொறிய வேண்டியதுதான். அசோசியேஷன் பெயரில் ஒரு பொதுக் கணக்கு, அதில் இவை எல்லாம். இரண்டு ஆண்டு பயன்படுத்தாத கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியிருக்கிறது, அதனால் மறந்துபோன பழைய கணக்கில் எதையும் கட்டி வைக்காதீர்கள். ஷீட்டை 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்று விடவும் கூடாது. எந்த வீட்டில் யார், ஃபோன் எண் என்ன, யார் பாக்கி என்ற அத்தனையும் அதில் இருக்கிறது.

நிரல் எழுதாமல் செயலிகளை இணைத்துத் தரும் இஃப்ட் (IFTTT), ஜேப்பியர் (Zapier) போன்ற சேவைகளைப் பலர் கேட்கிறார்கள். நல்லவைதான். இலவசம் என்பதை நிரந்தரம் என்று எடுத்துக்கொள்ளாதவரை. 2020இல் இஃப்ட் தன் இலவசக் கணக்கை மூன்று இணைப்புகளுக்குச் சுருக்கியது. பத்து இருபது வைத்திருந்தவர்கள் எதை விடுவது என்று உட்கார்ந்து யோசித்தார்கள்.

வீட்டுப் பணத்தில் ஆட்டோபே விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கஞ்சன். மாதம் மாறாத தொகைக்கு அது சரி. நம் இபி பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவது, மே மாத ஏசி ஓட்டத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும். குளிர்காலப் பில்லைப் பார்த்து மேண்டேட்டில் (பணம் எடுக்க நாம் முன்கூட்டியே தரும் அனுமதியில்) உச்சவரம்பு வைத்திருந்தால், பில் அதைத் தாண்டும் மாதத்தில் பணம் போகாது. நீங்களோ போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. லோன் விளம்பரங்களுக்கு நடுவே அந்த எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் தள்ளிவிடுவது நம் வழக்கம்.

ஷீட்டில் நான் கடைசியாகச் சேர்த்த நெடுவரிசையின் தலைப்பு 'இப்போது வேண்டாம்'. அதில் டிக் இருந்தால் அந்த வீட்டுக்கு ஸ்கிரிப்ட் எதுவும் அனுப்பாது. இரண்டாம் மாடியில் ஒரு வீட்டில் துக்கம் நடந்த மறுநாள் காலையிலும் என் மெயில் தவறாமல் போயிருந்தது. எந்த ஃபார்முலாவும் அதைக் கண்டுபிடித்திருக்காது. இப்போது வாட்ச்மேன் அண்ணன், "சார், பி பிளாக்குல அம்மாவ ஆஸ்பத்திரில சேர்த்திருக்காங்க" என்று சொன்னால், நான் படியேறும்போதே ஃபோனில் டிக் போட்டுவிடுகிறேன்.