கட் செக்ஷன் பூட்டு செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் கட் செக்ஷன் பூட்டு, அதாவது உள்ளே நடப்பது தெரியும்படி ஒரு பக்கம் வெட்டித் திறந்த பூட்டு, செய்தவர்கள் அதைக் கொண்டுவந்து நீட்டும்போது, வெட்டின் பளபளப்பை நான் பார்ப்பதில்லை. சாவியை வாங்கிப் போட்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பேன். பாதிக்குமேல் அங்கேயே சிக்கிக்கொள்ளும். நாங்கள் பழகிய காலத்தில் எங்கெங்கே முட்டிக்கொண்டோமோ, அதே இடங்களில்தான் இவர்களும் முட்டிக்கொள்கிறார்கள்.

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வெட்டுவதற்கு முன்னால் உள்ளே இருக்கும் பின்கள், ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், வைஸில் பித்தளையை நசுக்காதீர்கள் என்பதெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவ்வளவும் தெரியாதவர் விலை குறைந்த சாதாரணப் பூட்டு ஒன்றில் கைபழகிவிட்டு வரட்டும்.

கீழே உறை என்று சொல்வது அசையாமல் நிற்கும் வெளிப்பகுதி. பிளக் என்பது சாவியோடு சுழலும் உருளை. பின்கள் என்பவை துளைகளுக்குள் ஏறி இறங்கும் சிறு உலோகத் துண்டுகள்; மேல்பின்கள் உறையில், கீழ்பின்கள் பிளக்கில். சரியான சாவி நுழைந்ததும் இரண்டு பின்களும் பிரியும் இடம், உறையும் பிளக்கும் சந்திக்கும் கோட்டில் வந்து நிற்கும், பிளக் சுழலும். லைனஸ் யேல் ஜூனியர் 1861, 1865 ஆண்டுகளில் காப்புரிமை வாங்கிய பூட்டிலிருந்து இன்றைய உயர் பாதுகாப்புப் பூட்டுகள் பலவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

மையக்கோடு வரை வெட்டுவது

பின் முழுசாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு, துளையின் நடுக்கோடு வரை வெட்டிவிடுகிறார்கள். துளை பாதியாகப் பிளந்துவிட்டால் பின்னைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. கணக்கு எளிது. துளையின் விட்டம் 3 மி.மீ. என்றால், மையத்துக்கு 1.1 மி.மீ. முன்பே வெட்டை நிறுத்துங்கள். திறப்பின் அகலம் 2 மி.மீ. இருக்கும். 2.9 மி.மீ. பின் அதற்குள் பத்திரமாக நிற்கும், பார்ப்பவருக்கும் நன்றாகத் தெரியும். இன்னும் கொஞ்சம் என்று மையத்துக்கு அரை மில்லிமீட்டர் வரை போனால் திறப்பு 2.8-ஐத் தாண்டிவிடும். பின் அப்போதைக்கு விழாது. ஆனால் துளையின் ஓரம் பிளேடு மாதிரி மெலிந்திருக்கும். ஒரு தடவை விரல் நகம் பட்டாலே மடியும். ஸ்பிரிங்குகள் இன்னும் மோசம். வயிறு தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

பிளக்கையும் உறையையும் ஒரே மட்டத்தில் வெட்டுவது

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. சிலிண்டரை மில்லிங் மெஷினில் பிடித்து, உறையையும் பிளக்கையும் சேர்த்து ஒரே தட்டையாகச் சீவிவிடுகிறார்கள். மேசையில் வைத்தால் பாடப்புத்தகப் படம் போல இருக்கும். சாவியைப் போட்டால் பின்கள் வரிசையாக ஏறி நிற்கும், அதுவும் அழகுதான். திருப்பினால்தான் வினை.

சாவித்துளை நமக்கு எதிரே, பின்கள் மேலே, வெட்டு வலப்பக்கம் என்று வைத்துக்கொள்வோம். சாவியை இடப்பக்கம் திருப்புகிறீர்கள். பிளக்கின் வலப்பக்கம் மேலே ஏறி வரும். அங்கேதான் உங்கள் தட்டை வெட்டு இருக்கிறது. முழு உருளையாக இருந்தவரை மேல்பின்களைத் தாங்கி நின்ற பரப்பு இப்போது இல்லை. 13 மி.மீ. விட்டமுள்ள பிளக்கில் வெட்டு மையத்திலிருந்து 1.1 மி.மீ. தள்ளி இருந்தால், அது நேர் மேலே வரும்போது மேல்பின்னுக்கு அடியில் 5.4 மி.மீ. பள்ளம். அதுவரைகூடப் போக வேண்டாம். 20, 25 டிகிரி திருப்பினாலே வெட்டின் விளிம்பு பின்னைக் கடந்துவிடும். ஸ்பிரிங் தள்ள, பின் இறங்கும்.

அப்புறம் இரண்டில் ஒன்று. பின் பாதி இறங்கி, பிளக்குக்கும் உறைக்கும் நடுவே குறுக்கே நின்றுவிடும். முன்னும் போகாது, பின்னும் வராது. இல்லையென்றால் சரிவில் உருண்டு, வெட்டித் திறந்த ஜன்னல் வழியே வெளியே வந்துவிடும்.

ஒருமுறை கண்காட்சி மேசையில், என்னிடம் பழகிய பையன் ஒருவன் நல்ல விலையுள்ள பூட்டு ஒன்றை இப்படி வெட்டிக் கொண்டுவந்து வைத்திருந்தான். வலப்பக்கம் மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறான், பிரச்சினை இல்லை. மேசைக்கு வந்த பெரியவர் சாவியை இடப்பக்கம் திருப்பினார். டக், டக் என்று பின்கள் ஒவ்வொன்றாக மேசைமேல் விழுந்தன. கடைசிப் பின் சிக்கியது. அவர் சங்கடப்பட்டு வலுவாகத் திருப்ப, உறையில் அந்தத் துளையின் வாய் நசுங்கிப்போனது. பையன் அவரைக் குறை சொன்னான். பூட்டு என்று ஒன்றை வைத்தால் எவரும் இரண்டு பக்கமும் திருப்பத்தான் செய்வார்கள். எனக்கு எரிச்சல் வந்தது அந்தப் பெரியவர் மேல் இல்லை.

சாதாரணப் பூட்டென்றால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். உயர் பாதுகாப்புப் பூட்டில் சாவியும் பிளக்கும் பின்களும் ஒரு குடும்பம். சாவிக்கான வெற்றுத் துண்டே சுலபத்தில் கிடைக்காது. தனிப் பிளக் மட்டும் கொடுங்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். பிளக்கைக் கெடுத்தால் முழுப் பூட்டும் போச்சு.

எப்படித் தவிர்ப்பது? பூட்டு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அடையாளக் கோடு அதற்குப் பிறகு. வலப்பக்கம் திரும்பும் பூட்டுக்கு வெட்டு வலப்பக்கம். அப்போது வெட்டு கீழ்நோக்கிப் போகும், மேல்பின்களுக்கு அடியில் வெட்டாத பரப்பே வரும். ஆனால் அரைச் சுற்றை நெருங்கினால் வெட்டின் மறு விளிம்பு மேலே வந்துவிடும். அதனால் கால் சுற்றில் நிற்கும்படி பின்பக்கம் ஒரு தடுப்புத் திருகு வையுங்கள். இடப்பக்கம் அசையாமலிருக்க இன்னொன்று.

முழுச் சுற்று சுழல வேண்டுமென்றால், பிளக்கைத் தட்டையாகச் சீவவே கூடாது. உறையில் தாராளமாக ஜன்னல் வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கில் ஒவ்வொரு பின்னுக்கும் தனித்தனியாக 2 மி.மீ. அகலத்தில் நெடுக்காகக் கீறல் போடுங்கள். மேல்பின்னைவிடக் கீறல் குறுகல் என்பதால் பின் உள்ளே விழாது. கடக்கும்போது லேசாக ஒரு தட்டல் கேட்கும், அவ்வளவுதான். கீறலின் விளிம்பை மட்டும் ஊசி அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து மழுக்குங்கள். வேலை நிறையப் பிடிக்கும். நான் இதைத்தான் விரும்புவேன்.

வெட்டுமுன் ஒரு சோதனை. வெட்டப்போகும் பகுதியை மார்க்கரால் கறுப்பாக்கி, பின்கள் இல்லாத உறைக்குள் பிளக்கைப் போட்டுச் சுழற்றுங்கள். அடைப்பைக் கழற்றிய மேல்பின் துளை வழியே பாருங்கள். கறுப்பு எந்தக் கோணத்தில் எட்டிப் பார்க்கிறதோ, அந்தக் கோணத்தில் உங்கள் பூட்டு நிற்கும்.

சைடுபாரை வெட்டவெளியில் விடுவது

மெடெக்கோ போன்ற பூட்டுகளில் பின்கள் ஏறினால் மட்டும் போதாது, சரியான கோணத்தில் திரும்பவும் வேண்டும். அப்போதுதான், பிளக்கின் பக்கவாட்டில் கிடந்து சுழற்சியைத் தடுக்கும் பட்டையான சைடுபாரின் கால்கள் பின்களில் உள்ள பள்ளங்களுக்குள் நுழையும். இந்தப் பூட்டின் அழகே அங்கேதான், காட்ட ஆசைப்படுவது நியாயம். ஆனால் சைடுபார் ஸ்பிரிங்கால் வெளிநோக்கித் தள்ளப்பட்டு, உறையின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தை முழு நீளத்துக்கும் வெட்டி எடுத்தால், சைடுபார் வெளியே குதிக்கும். நடுவில் ஜன்னல், இரு முனைகளிலும் கொஞ்சம் உறை, அதுதான் வழி.

எமில் ஹென்ரிக்சன் 1907-இல் கண்டுபிடித்த அப்லாய் வகைத் தட்டுப் பூட்டிலும் (பின்களுக்குப் பதில் சுழலும் தட்டுகள் உள்ளது) இதே கதை, வேறு விளைவோடு. அங்கே சைடுபார்தான் சுழற்சியைத் தடுக்கும் ஒரே பொருள். அது மோதி நிற்க உறையில் எதுவும் மிச்சமில்லையென்றால், தட்டுகள் எப்படி நின்றாலும் பூட்டு திரும்பும். தவறான சாவிக்கும் திறக்கும் பூட்டை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன விளக்குவீர்கள்?

பின்னுக்குள் பின்

பின்னுக்குள் இன்னொரு பின் வைத்த மல்-டி-லாக் பூட்டின் உள்பின்னைக் காட்ட வெளிப்பின்னில் கீறல் போடுகிறார்கள். பின் உருண்டை. துளைக்குள் தன்னிஷ்டத்துக்குச் சுற்றும். அடுத்த தடவை சாவி போடும்போது கீறல் மறுபக்கம் திரும்பியிருக்கும். ஒரு ஜோடியைத் தனியாக வெட்டி, பூட்டுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் ஒட்டிவையுங்கள்.

துளையிட முடியாத எஃகுப் பின்கள்

பூட்டைத் துளையிட்டுத் திறக்காமலிருக்கப் பதித்தவை இவை. கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். முடியாவிட்டால் கார்பைடு கட்டர். அரம் வேண்டாம்.

பஃபிங்

வெட்டிய முகத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பளபளப்பு ஏற்றுங்கள். பிளக்கின் வட்டப் பரப்பையும் துளைகளின் வாயையும் தொடாதீர்கள். அங்கே விளிம்பு மழுங்கினால் பின்கள் சந்திப்புக் கோட்டில் தட்டும்; பிளக் உறைக்குள் லொடலொடவென்று ஆடும். பிசிறை எடுக்க மூங்கில் குச்சியின் கூர்முனை போதும்.

எண்ணெய்

போடாதீர்கள். ஜன்னல் வழியே தூசி வந்து ஒட்டும். கிராஃபைட்டும் வேண்டாம், கறுப்பாகப் பூசிக்கொள்ளும். உலர் பிடிஎஃப்இ (டெஃப்லான் மசகு) கொஞ்சம்.

உபயோகத்தில் இருக்கும் சாவி

வீட்டுக் கதவுச் சாவிக்கே திறக்கும் உதிரி சிலிண்டர் கையில் இருக்கிறது என்று அதையே வெட்டுகிறவர்கள் உண்டு. ஜன்னல் வழியே ஒவ்வொரு பின்னின் உயரமும் தெரியும், சாவியின் பற்களும் தெரியும். ஒரு புகைப்படம் போதும். பல கதவுகளுக்கு ஒரே மாஸ்டர் சாவி உள்ள கட்டடத்திலிருந்து கழற்றிய பூட்டென்றால் தொடவே தொடாதீர்கள். அதன் பின்களின் அடுக்கில் அந்தக் கட்டடத்தின் மற்றக் கதவுகளின் ரகசியமும் இருக்கிறது. வீட்டு உதிரி சிலிண்டர்தான் வேண்டுமென்றால், பின்களை மாற்றி அடுக்கி, அதற்கேற்ற புதுச் சாவி வெட்டிய பிறகு மெஷினில் ஏற்றுங்கள்.