வயலில் படர்ந்திருப்பது அருகம்புல்தானா? மண்ணுக்குக் கீழே பாருங்கள்

பூ வந்துவிட்டால் புல்லை அடையாளம் சொல்வது எளிது. ஆனால் களையெடுக்கும் நேரத்தில் பெரும்பாலும் பூ இருக்காது. இந்தப் புல் ஒரு பருவத்தோடு மடியுமா, ஆண்டுக்கணக்கில் நிற்குமா என்பதையும் பூ சொல்லாது. அதனால் வேர்ப்பக்கத்திலிருந்தே தொடங்குவோம்.

முதல் வேலை, தோண்டுவது. கையால் பிடுங்க வேண்டாம். மேல்தண்டு அறுந்து வந்துவிடும், பார்க்க வேண்டியது மண்ணிலேயே தங்கிவிடும். ஈரம் இருக்கும்போது மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்குக் கட்டியாகப் பெயர்த்து, மண்ணை உதறித் தண்ணீரில் அலசுங்கள்.

வெளிறிய நிறத்தில் ஏதாவது பக்கவாட்டில் ஓடுகிறதா? அதில் கணுவும் மெல்லிய செதிலும் தெரிந்தால் அது வேர் இல்லை, நிலத்தடித் தண்டு. வேருக்குக் கணு கிடையாது. அருகம்புல்லில் இந்தத் தண்டோடு, தரைமேல் படர்ந்து கணுவுக்குக் கணு வேர் ஊன்றும் ஓடுதண்டும் இருக்கும். இரண்டும் சேர்ந்து கிடைத்தால் முக்கால்வாசி முடிவு செய்துவிடலாம். ஓடுதண்டை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். காக்காக்கால் புல்லும் அப்படிப் படர்ந்து வேர்விடும், ஆனால் அது ஓராண்டுப் புல்.

அடியில் கிழங்கு கோத்தாற்போல் வந்தால் கோரையாக இருக்கலாம். பூத்தண்டை விரலிடையில் உருட்டினால் மூன்று விளிம்பு தட்டுப்படும். கோரை புல்லினமே இல்லை, அதை விட்டுவிடுவோம்.

அப்புறம் இலை. இலை தண்டை விட்டுப் பிரியும் இடத்தில் மெல்ல வளைத்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். அருகம்புல்லில் அங்கே வெண்ணிறக் குட்டை முடிகள் வரிசையாக இருக்கும். முடிக்குப் பதில் சவ்வு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் அது வேறு புல்.

பூ கிடைத்தால் சரிபார்க்க உதவும். அருகுக்குப் பெரும்பாலும் 3 முதல் 7 வரை மெலிந்த கதிர்கள், ஒரே புள்ளியிலிருந்து விரல்போல் விரியும். காக்காக்கால் புல்லின் கதிர் குட்டை, தடிமன். நுனியில் மணியில்லாத கூர் துருத்தி நிற்கும். கேழ்வரகின் காட்டு உறவான புல் ஒன்றும் குழப்பும். அதன் அடித்தண்டு தட்டையாக, வெளுத்திருக்கும். ஒரு கதிர் மற்றவற்றுக்குச் சற்றுக் கீழே தனியாகக் கிளம்புவதும் உண்டு. அதைத் தோண்டினால் கொத்து வேர் மட்டும்தான் வரும்.

இன்னும் சந்தேகமா? நிலத்தடித் தண்டில் இரண்டு கணு உள்ள துண்டை வெட்டி, ஈரமண் போட்ட தொட்டியில் புதைத்து வையுங்கள். கணுவிலிருந்து தளிர் வந்தால் பல்லாண்டுப் புல்தான். நிலம் ஈரமாக இருக்கையில் ரோட்டவேட்டர் ஓட்டினால் களை பெருகுவதும் இதனால்தான். அது வெட்டிப் பரப்பும் துண்டுகளும் இப்படித்தான் துளிர்க்கும்.

பார்த்து முடித்த துண்டுகளை வரப்பில் வீசாதீர்கள். வெயிலில் சிமெண்ட் தரையிலோ தகரத்திலோ பரப்பி, ஒடித்தால் முறியும் வரை காயவிடுங்கள்.