மோரே, எபிரேயம்: ஒப்பிட உட்காரும் முன்

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்க்கினா ஃபாசோவின் மோசி மக்கள் பேசுவது மோரே. அதற்கும் எபிரேயத்துக்கும் உறவு உண்டா என்று அருகருகே வைத்துப் பார்க்க நினைப்பவர்கள், நான் முதலில் செய்ததுபோல ஒலி ஒத்த சொற்களைப் பொறுக்க ஆரம்பிக்காதீர்கள். மோரேயில் அம்மா ‘மா’, அப்பா ‘பா’. எபிரேயத்தில் ‘இமா’, ‘அபா’. எனக்கும் சிலிர்த்தது. ஆனால் குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள் இவை. நம் அம்மா, அப்பாவும் அப்படித்தான். இவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து கடன்சொற்கள். மோரேயில் புதன்கிழமை ‘அர்பா’. எபிரேயத்தில் ‘அர்பா’ என்றால் நான்கு. தற்செயல் அல்ல, உறவும் அல்ல. இஸ்லாத்தோடு வந்த அரபுக் கிழமைப் பெயர் அது. அரபு எபிரேயத்தின் உறவுமொழி. அதனால் மோரேயின் சொந்த எண்களைப் பாருங்கள்: நான்கு ‘நாசே’, ஐந்து ‘நு’. எபிரேயத்தில் ‘அர்பா’, ‘ஹமேஷ்’. ஒட்டவே இல்லை.

பிறகு சொல் உருவாகும் விதம். இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். எபிரேயத்தில் க‑த‑வ என்ற மூன்று மெய்கள் நிலையாக நிற்க, உயிர்கள் மாறுகின்றன, சிலசமயம் முன்னொட்டும் சேர்கிறது: ‘காதவ்’ எழுதினான், ‘மிக்தாவ்’ கடிதம். மோரேயில் அடிச்சொல் அப்படியே இருக்க, வால் மாறும்: ‘பாகா’ நாய், ‘பாசே’ நாய்கள். அந்த வால்தான் பெயர்ச்சொல் எந்த வகுப்பு, அதாவது எந்தச் சொற்கூட்டத்தைச் சேர்ந்தது என்பதையும் சொல்கிறது. ஆண்பால், பெண்பால் பிரிவு அங்கே கிடையாது. எபிரேயத்தில் மேசைக்கும் பால் உண்டு.

மோரேயில் சுருதியும் பொருளை மாற்றும். சொல்லைக் காதால் கேட்டபிறகே பட்டியலில் எழுதுங்கள்.