மனசு பீரியட்ல நாம பண்ற தப்புங்க

பசங்களோட மனசு, உணர்ச்சிகளப் பத்தி ஸ்கூல்ல பேசுற வகுப்பத்தான் மனசு பீரியட்னு சொல்றேன். எங்க கிளாஸ் கதவு பக்கத்துல ஒரு சார்ட் மாட்டி இருந்தேன், சிரிக்கிற மூஞ்சி, அழுற மூஞ்சி, கோவ மூஞ்சின்னு. பசங்க உள்ள வரும்போது அன்னைக்கு எப்படி இருக்காங்களோ அதுக்கு கீழ அவங்க பேர் ஸ்டிக்கர ஒட்டணும். ஒரு நாள் ஒரு பொண்ணு அழுற மூஞ்சிக்கு கீழ ஒட்டுச்சு, நான் எல்லார் முன்னாடியும் "என்னம்மா ஆச்சு"ன்னு கேட்டுட்டேன். அது ஒண்ணும் சொல்லாம ஸ்டிக்கர உரிச்சு சிரிக்கிற மூஞ்சிக்கு கீழ ஒட்டிட்டு போய் உக்காந்துடுச்சு. வருஷக் கடைசி வரைக்கும் அந்த ஸ்டிக்கர் நகரவே இல்ல. இப்பவும் நெனச்சா கஷ்டமா இருக்கு.

மனசு பீரியடுக்கு மார்க் போடுறதும் இதே மாதிரி தப்புதான். டெல்லி அரசுப் பள்ளிகள்ல 2018ல ஹேப்பினஸ் வகுப்பு ஆரம்பிச்சப்போ பரீட்சையே கிடையாதுன்னு வெச்சாங்க. கிரேடு போட்டா புள்ளைங்க நமக்குப் புடிச்ச பதிலத்தான் எழுதுவாங்க.

அடுத்தது, பப்ளிக் எக்ஸாமுக்கு முன்னாடி வெளியிலேருந்து ஒரு பேச்சாளரக் கூட்டிட்டு வந்து, கண்ண மூடச் சொல்லி, அப்பா அம்மா பட்ட கஷ்டத்த சொல்லி ஹால் மொத்தத்தையும் அழ வெக்கிறது, சில எடத்துல பாத பூஜை வேற. அப்பா இல்லாத பையன், குடிச்சிட்டு அடிக்கிற அப்பா இருக்குற பொண்ணு அந்த ஹால்ல எங்க போவாங்க? அழுதுட்டா மனசு சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்லங்க. ஸ்கூல்ல மனசு, உணர்ச்சி பத்தி சொல்லிக் குடுக்குற 213 திட்டங்கள அலசி 2011ல வந்த ஒரு பெரிய ஆய்வுல, கிளாஸ் டீச்சரே நடத்துனது நல்லா வேலை செஞ்சிருக்கு, அதுவும் படிப்படியா, பசங்கள செய்ய வெச்சு சொல்லிக் குடுத்த திட்டங்கள்தான் கூடுதலா பலன் குடுத்துருக்கு.

ரகசிய விஷயத்துல ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது. புள்ள நம்பி சொன்னத ஸ்டாஃப் ரூம்ல டீயோட பேசுறது ஒண்ணு. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியமா"ன்னு வாக்கு குடுக்குறது இன்னொண்ணு. பாலியல் தொல்லைன்னு தெரிஞ்சா போக்சோ சட்டப்படி நாம புகார் குடுத்தே ஆகணும், அப்போ அந்த சத்தியம் உடையும், புள்ள மறுபடி யாரையும் நம்பாது. அதுக்கு பதிலா "நீ பத்திரமா இருக்கணும்னா மட்டும் தேவையான ஆள்கிட்ட சொல்லுவேன், அதுக்கு முன்னாடி உங்கிட்ட சொல்லிடுவேன்"னு மொதல்லயே சொல்லிடுங்க. 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை உதவி எண்) ரெண்டு நம்பரையும் போர்டு ஓரத்துல எழுதி வெச்சுடுங்க, டீச்சர்கிட்ட சொல்ல முடியாத விஷயமும் இருக்கும்ல.

சார்ட்ட நான் கழட்டிட்டேன். இப்போ துண்டுச் சீட்டு, மடிச்சுக் குடுக்கலாம், நான் மட்டும்தான் படிப்பேன். மொத மாசம் பூரா "பேனா காணோம் மிஸ்", "இவன் என் எடத்துல உக்காருறான்"னுதான் வந்துச்சு. சலிச்சுக்காம பேனாவத் தேடிக் குடுத்தேன். ரெண்டாவது மாசம்தான் ஒரு சீட்டுல, "எங்க வீட்ல தினமும் சண்டை"ன்னு பென்சில்ல, ரொம்ப சின்ன எழுத்துல.